ரெண்டரை ராத்தலுக்குக் கீழே

மஞ்சள் பைக்கு வெளியே கோழியின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பை வெள்ளிக்கோலின் கொக்கியில் தொங்கியது. என் வீட்டுக்காரர் கோலின் கயிற்றைப் பிடித்தபடி மூச்சை அடக்கி நின்றார். மாத்தன் சார் குனிந்து, கோலில் வெட்டியிருந்த கோடுகளைப் பார்த்தார். நான் கோழியின் முகத்தைப் பார்த்தேன். அது கத்தவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மூணே முக்கால்" என்றார் சார். "போதாது. இனியும் எறங்கணும்."

கறிக்குக் கோழி நிறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எடை கூடினால் சந்தோஷம். உயிரோடிருக்கும் கோழியை நிறுத்துவிட்டு, ஐயோ இது மெலியவில்லையே என்று முகம் சுளிக்கும் மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பத்திரிகைத் தொடரில் கோழியைப் பற்றிக்கூட ஒரு வாரம் எழுதுவாயா என்று என் மகள் கேட்டாள். எழுதத்தான் போகிறேன். அவள் அப்பா எனக்குத் தங்கியது அந்தக் கோழிகளால்தான். சிரிக்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கொட்டகை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நாங்கள் அனுமந்தன்பட்டிக்காரர்கள், கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். கலியாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை கிடைத்தது. கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே, வாய்க்காலை ஒட்டி மாத்தன் சார் போட்டிருந்த கோழிக்கொட்டகையில் வேலையும் காவலும். கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறை ஓட்டு வீடு. அதுதான் எங்கள் குடித்தனம்.

என் வீட்டுக்காரர் பெயர் சவரிமுத்து. வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதுவதற்குப் பயமில்லை, பேனாவுக்கு மாமியார் கிடையாது.

மாத்தன் சார் மலையாளத்துக் கிறிஸ்தவர். குமுளிக்கு மேலே அவருக்கு ஏலத்தோட்டம் இருந்தது. கோழிக்கொட்டகை அவருடைய ஆசைக்கு. வெள்ளை வெளேரென்ற சீமைக் கோழிகள், சிவப்புக் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். அவை இடும் முட்டை தின்பதற்கில்லை. குஞ்சு பொரித்து, குஞ்சாக விற்பார். ஆகவே ஒவ்வொரு கோழியையும் மகாராணி மாதிரித்தான் வைத்திருந்தார். மழைச்சாரல் அடித்தால் எங்கள் வீட்டுக்குக் கட்டுவதற்கு முன்னால் கொட்டகைக்குச் சாக்குப் படுதா கட்டவேண்டும்.

ஒரு வருஷம் நன்றாக முட்டையிட்டன. பிறகு குறைந்தது. ஓடு மெலிந்து, கையில் எடுத்தாலே நொறுங்கியது. மற்ற காலமாக இருந்தால் புதுக் கோழிகளை ரயிலில் வரவழைத்திருப்பார். யுத்தத்தில் ரயில் பட்டாளத்துக்கே போதவில்லை, கோழிக்கு யார் இடம் கொடுப்பார்கள்? இருக்கிற கோழிகளையே இன்னொரு சுற்று முட்டையிட வைத்தால்தான் உண்டு.

அதற்கு ஒரு வழியைச் சார் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தார். தீனியை நிறுத்திவிடுவது. தண்ணீர் மட்டும். கோழி மெலியும், முட்டையிடுவதை நிறுத்தும், பழைய இறகையெல்லாம் கொட்டும். பிறகு தீனி கொடுத்தால் புது இறகு முளைத்து, புதுக்கோழி மாதிரி முட்டையிடும். தானாக இறகு கொட்டினால் ஒன்று இன்றைக்கு, இன்னொன்று மூன்று மாதம் கழித்து என்று இழுத்தடிக்கும். இப்படிச் செய்தால் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்ந்து, ஒரே சமயத்தில் எழுந்திருக்கும்.

"நாலு ராத்தல் உள்ளது மூணு ராத்தல் ஆகணும்" என்றார் சார். "உள்ளே உள்ள கொழுப்பு உருகணும். முட்டைப்பை சுருங்கி ஓய்வெடுக்கணும். எடைதான் காரியம்."

"மூணுக்குக் கீழ போச்சுன்னா சார்?" என்று இவர் கேட்டார்.

சார் கோழிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது எனிக்கும் தெரியில்ல" என்றார்.

படித்தவரே தெரியாது என்று சொன்னால் நாம் யாரிடம் போய்க் கேட்பது? அதோடு அவர் நிறுத்தவும் இல்லை. போகிற போக்கில் சாதாரணமாகச் சொன்னார்: "இதுக முட்டை போட்டாச் சரி. இல்லைன்னா கொட்டகையை மூடிடலாம். சவரி, நீ மலைக்கு வந்துடு. தோட்டத்துல ஆள் வேணும்."

என் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டேன்.

இன்னாசியின் சட்டை

மலை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். கீழே இருந்து பார்த்தால் அழகுதான். நீலமாக, மேகம் தொட்டுக்கொண்டு. கூலிக்கு ஏறிப் போனவர்களில் பாதிப்பேர் மலைக்காய்ச்சலோடு இறங்குவார்கள். சிலர் இறங்கவே மாட்டார்கள்.

இவருடைய தம்பி இன்னாசி அப்படித்தான் போனான். எனக்குக் கொழுந்தன். கலியாணத்தில் என்னை ஓயாமல் கேலி செய்தவன். களை வெட்ட ஏலத்தோட்டத்துக்குப் போனவன் திரும்பி வரும்போது ஏல மூட்டைகளுக்கு நடுவே படுத்து வந்தான். வெயிலில் கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை அப்போது பணக்காரர்களுக்கே கிடைக்காது, அதுவும் யுத்தத்துக்குப் போய்விட்டது. அவனை அடக்கம் செய்துவிட்டு வந்து, அவன் சட்டையை நான்தான் துவைத்தேன். எத்தனை தடவை கசக்கியும் ஏலக்காய் வாசம் போகவில்லை.

இன்றைக்கும் என் வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் கிடையாது. வந்தவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

அதனால் எனக்கு அந்தக் கோழிகள் வெறும் கோழிகளாக இல்லை. அவை முட்டையிட்டால் இவர் இங்கே இருப்பார். முட்டையிடாவிட்டால் மலை. நான் காலையில் எழுந்து மாதாவிடம் கோழிக்காக வேண்டிக்கொண்டேன். எந்தச் செபப் புத்தகத்திலும் அப்படி ஒரு செபம் இருக்காது.

சுத்தபோசனமா, ஒருசந்தியா?

பட்டினி தொடங்கிய நாளில் சார் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டே, "இன்னு முதல் இதுகளுக்கு நோம்பு" என்றார்.

வேதக்காரனிடம் நோன்பு என்று சொன்னால் அதில் வகை உண்டு. கறி மீன் மட்டும் விலக்கினால் சுத்தபோசனம். நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு என்றால் ஒருசந்தி. பெரிய வெள்ளிக்கிழமை வீட்டில் கேட்பது மாதிரியே இவர் மரியாதையாகக் கேட்டார்:

"சுத்தபோசனமா சார், ஒருசந்தியா?"

சாருக்கு இரண்டு சொல்லும் தெரியாது. "எந்தானாலும் சரி, எடோ. நோம்பு நோம்புதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவர் யோசித்தார். "கோழிக்குக் கறியும் மீனும் நம்ம போடுறதில்ல. அப்ப சார் ஒருசந்தியத்தான் சொல்லியிருக்காக" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. நோன்பு என்றால் ஒன்றுமே தின்னாமல் கிடப்பது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பூசையில் சாமியாரே ஒருசந்திக்கு மத்தியானம் சாப்பிடலாம் என்றுதானே சொல்லுவார்?

ஆகவே கோழிகள் ஒருசந்தி இருந்தன. உச்சிப்பொழுதுக்குக் கோயில் மணி அடித்ததும் இவர் ஒரு கூடை கம்பைக் கொட்டுவார். அவ்வளவுதான், மறுநாள் மணிவரை தண்ணீர்தான்.

கூடை கவிழ்ந்ததும் கொட்டகைக்குள் நடந்ததைப் பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை. பலமுள்ள கோழிகள் மற்றவற்றின் முதுகில் ஏறி மிதித்துத் தின்றன. சாதுக் கோழிகள் சுவரோரம் ஒதுங்கி நின்றன. கடைசியில் மண்ணைக் கொத்தின. ஒன்றின் கண்ணோரத்தில் ரத்தம். நேற்றுவரை ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தவைதான். பட்டினி வந்தால் இப்படித்தான் ஆகுமா என்று நினைத்தபோது எனக்கு மலையில் கூலி லயத்தில் நெருக்கிக் கிடக்கும் ஆட்கள் ஞாபகம் வந்தார்கள்.

ஆடிக் காற்று

ஆடி பிறந்தது. கூடலூர்க் கணவாய் வழியாக இறங்கும் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, ஓட்டையே புரட்டிப் போடும். அந்தக் காற்றில் வெள்ளை இறகுகள் வேலி தாண்டிப் பறந்தன. வாய்க்காலில் மிதந்தன. நடவு வயலில் ஒட்டின. பக்கத்துக் காட்டுக்காரர்கள் வேலியருகே வந்து நின்றார்கள்.

"ஏலே சவரி, கழிச்சல் வந்துருச்சா? எங்க கோழிக்கும் ஒட்டிவிட்டுறாத" என்று ஒருவர் கத்தினார்.

கழிச்சல் வந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் தலையைச் சாய்த்த கோழி சாயங்காலம் இருக்காது. ஒரு வீட்டில் வந்தால் தெருவே காலி. எங்கள் ஊரில் ஒருமுறை வந்தபோது, நோய் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று ஊரெல்லாம் கோழிக்குழம்பு கொதித்தது. அவ்வளவு கறியைத் தின்றுவிட்டு அவ்வளவு துக்கமாக இருந்த ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"கழிச்சல் இல்லண்ணே, நோம்புண்ணே" என்று இவர் பதில் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை. பாதிக் கோழிகள் கழுத்து மொட்டையாகி, தோல் சிவந்து, குளிரில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கொண்டைகள் சுருங்கி வெளுத்துவிட்டன. மீதிக் கோழிகளோ கொழுகொழுவென்று ஓர் இறகுகூடக் கொட்டாமல் உலாத்தின.

ஒரு காலையில் சுவரோரம் ஒரு கோழி செத்துக் கிடந்தது. கையில் எடுத்தேன். கனமே இல்லை, வெறும் இறகைத் தூக்கியது போல இருந்தது. இவரிடம் காட்டினேன். மலையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் அதைப் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

நிறுவை நாள்

அப்போதுதான் முதலில் சொன்ன நிறுவை நடந்தது. மூணே முக்கால் என்றதும் சார் இன்னொரு கோழியை நிறுக்கச் சொன்னார். அது கொழுத்த கூட்டத்தைச் சேர்ந்தது. சரியாக நாலு.

"எடோ, இது எந்தா? நோம்பு போட்ட கோழி நாலு ராத்தலா?"

"சார் சொன்னபடிதான் சார். ஒருசந்தி. உச்சிக்கு ஒரு வேளை."

"ஒரு வேளையா! நான் தீனியே வேண்டான்னல்லவா சொன்னது?"

"சார் நோம்புன்னுதான சொன்னீக..."

நான் கதவோரம் நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதோ, இப்போதே மலைக்கு நட என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் சொல்லவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, எல்லாக் கோழியையும் நிறுக்கச் சொன்னார். அன்றைய பொழுது அதிலேயே போனது. நிறுக்க நிறுக்க, நாலு ராத்தலிலேயே நின்றவை ஒரு பக்கம், மூணுக்கு இறங்கியவை ஒரு பக்கம், ரெண்டரைக்கும் கீழே போய்விட்டவை ஒரு பக்கம் என்று மூங்கில் தட்டி வைத்துப் பிரித்தார்.

"தப்பு நடந்துபோயி. இனி இந்தத் தப்பு என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை நான் பிறகு எத்தனையோ விஷயங்களில் மன்னித்திருக்கிறேன்.

மூன்று பக்கத்துக்கும் தீனி தொடங்கியது. மெல்ல மெல்லத்தான் கொடுக்கவேண்டும் என்று சார் கண்டிப்பாகச் சொன்னார். முதலில் ஒரு பிடி, பிறகு இரண்டு பிடி. பசித்த வயிற்றில் கொட்டினால் தின்றே செத்துப்போகும். நான் பாவப்பட்டு அள்ளிப் போடப் போனபோதெல்லாம் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொண்டை சிவந்தது

மாதா திருநாள் முடிந்து, ஐப்பசி மழையும் இறங்கியது. ஒரு காலையில் மூணு ராத்தல் பக்கத்தில் ஒரு கோழியின் கொண்டையில் சிவப்பு ஏறியிருந்தது. மறுநாள் இன்னும் சில. சார் வண்டியை விட்டு இறங்கியதும் கொண்டையைத்தான் பார்ப்பார். "கொண்டை சிவந்தா உடம்பு தயார். இனி முட்டைதான்" என்றார்.

அப்படியே ஆனது. மூணுக்கு இறங்கியவை புது இறகு போர்த்திக்கொண்டு, கெட்டியான ஓட்டோடு முட்டையிட்டன. முதல் வருஷத்து முட்டையைவிடப் பெரியவை. அடைவைத்ததில் குஞ்சும் நன்றாகப் பொரித்தன.

நாலிலேயே நின்ற தடிச்சிகள் அங்கொன்று இங்கொன்றாகப் பழைய நொறுங்கல் முட்டையையே இட்டன. உடம்பு மெலியாததால் உள்ளே ஓய்வே கிடைக்கவில்லை என்றார் சார். ரெண்டரைக்குக் கீழே போனவற்றில் பல பிழைத்துக்கொண்டன, தின்றன, நடந்தன. ஆனால் கொண்டை வெளுத்தது வெளுத்ததுதான். முட்டை இல்லை.

"ரெண்டரைக்குக் கீழே போனது திரும்ப வராது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சார் சொல்லிக்கொண்டு திரிந்தார். தானே கண்டுபிடித்த வேதம் மாதிரி.

நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மலை போய்விட்டது என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் சார் பலகாரத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "தோட்டத்துலயும் ஒரு கொட்டகை போடப் போறேன். அங்கத்த குளிர் கோழிக்கு நல்லது. நிறுக்கத் தெரிஞ்சவன் சவரிதான். அவனை அனுப்பு."

கோழி தோற்றால் மலைக்குப் போகவேண்டுமே என்று பயந்து செத்தேன். கோழி ஜெயித்ததால் போனார்.

ஏல மூட்டை வண்டி

கீழ்க் கொட்டகையை என்னிடம் விட்டுவிட்டு, வெள்ளிக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். "பயப்படாத புள்ள, கோழிகூடத்தான இருக்கப் போறேன்" என்றார். கொசுவுக்குக் கோழிக்காரன் என்றும் களைவெட்டி என்றும் தெரியுமா?

கோடை மழை பெய்த சமயத்தில் ஏல மூட்டை வண்டி ஒன்று எங்கள் வேலியருகே நின்றது. வாசம் முதலில் வந்தது. நான் வெளியே வரவே பயந்து உள்ளேயே நின்றேன். வண்டிக்காரர் கூப்பிட்டபிறகுதான் வந்தேன். மூட்டைகளுக்கு நடுவே, இன்னாசி படுத்திருந்த மாதிரியே, அதே மாதிரிக் கம்பளிக்குள் இவர்.

இரண்டு கையாலும் தூக்கி இறக்கினேன். என்னால் தூக்க முடிந்தது.

சார் எங்கிருந்தோ கொயினா கொஞ்சம் வாங்கி அனுப்பினார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அனுமந்தன்பட்டியிலிருந்து என் ஓரகத்தி, இவர் அண்ணன் மனைவி லூர்து வந்து, சோறும் குழம்புமாக வைத்துக்கொண்டு நின்றாள். நான் விடவில்லை. ஒரு கரண்டி கஞ்சி, பிறகு இரண்டு கரண்டி. "நாலு வாய் சோறு போடாம அந்தப் பிள்ளைய இவளே கொன்னுருவா போலருக்கு" என்று அவள் வாய்க்காலில் துவைக்கிற பெண்களிடம் சொன்னாள். சொல்லட்டும். பசித்த உடம்பை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று நான் பார்த்திருந்தேன், அவள் பார்க்கவில்லை.

ஒரு காலை. சன்னல் வழியாக வெயில் அவர் தலைமாட்டில் விழுந்தது. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. வெற்றிலை போட்ட வாய் மாதிரி நல்ல சிவப்பு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. கொண்டை சிவந்தால் உடம்பு தயார். அது சாருடைய கணக்கு; தயார் என்றால் மறுபடியும் மலை.

வெளியே வில்வண்டிச் சலங்கை கேட்டது.

என்ன செய்கிறேன் என்று நினைக்காமலே துண்டை எடுத்து இவர் தலையையும் காதையும் சேர்த்துக் கட்டினேன். கம்பளியை முகவாய்வரை இழுத்தேன். சன்னலைச் சாத்தினேன். "என்ன புள்ள?" என்றார் இவர். "பேசாம படுங்க" என்றேன்.

சார் உள்ளே வரமாட்டார், அவருக்கும் காய்ச்சல் பயம். வாசலில் நின்று இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எப்படி உண்டு?"

"கஞ்சி மட்டுந்தான் சார் எறங்குது."

"அங்கே கோழிக்கு நோம்பு தொடங்கணும். நிறுக்க ஆளில்ல. அடுத்த மாசம் அனுப்பலாமா?"

முடியாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வீடு அவருடையது, கொட்டகை அவருடையது. அழுதால் ஆறுதல் சொல்லிவிட்டு அனுப்பச் சொல்வார். அவருக்குப் புரிகிற பேச்சு ஒன்றுதான் இருந்தது.

"ரெண்டரைக்குக் கீழ போயிட்டாக சார்" என்றேன்.

சார் என்னைப் பார்த்தார். உள்ளே கிடந்த கம்பளியைப் பார்த்தார். அந்த வார்த்தை அவருடையது, அதை அவரால் தட்ட முடியவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கஷ்டம்" என்றார். "இனி இவன் இங்கத்த கொட்டகையைப் பார்த்துக்கிட்டாப் போதும். மலைக்கு வேற ஆளைப் பார்க்கறேன்."

சலங்கைச் சத்தம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்வரை நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு உள்ளே போனேன். இவர் கண்ணை விரித்துக்கொண்டு கிடந்தார். கம்பளிக்குள் உடம்பு நடுங்கியது. காய்ச்சலென்று நினைத்து நெற்றியைத் தொட்டேன், சூடில்லை.

"ஏ புள்ள, நெசமாச் சொல்லு" என்றார். "நான் ரெண்டரைக்குக் கீழயா?"

"இல்லைங்க, நாலு ராத்தல், முழுசா நாலு ராத்தல்" என்று துண்டை அவிழ்த்தேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுததைப் பார்த்து அவர் இன்னும் பயந்துபோனார்.